எட்டு கோரா, நாலு கோரா?

கேள்வி: பவானியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா ஜமக்காளத் தறி ஓட்டியவர். நான் கேமராவுக்கு வந்துவிட்டேன். கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கால்வாசி வேலை. மாசத்துக்கு ரெண்டு மூணு வீடியோவும் எடிட் செய்து தருகிறேன். இப்போதுள்ள கம்ப்யூட்டரில் ஆல்பம் ஷீட்டைத் திறந்து பிரஷ்ஷை இழுத்தால், டீ குடித்துவிட்டு வரலாம் போல நிற்கிறது. பழைய செட் இரண்டு விலைக்கு வந்திருக்கிறது. ஈரோட்டு நண்பரிடம் இருப்பது ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350, கூடவே ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு, 12,000 ரூபாய். கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் இருப்பது ஆபீஸில் ஓடிய பிராண்டட் டவர், இன்டெல் கோர் ஐ5-3470, 7,500 ரூபாய். இரண்டிலும் 8 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதுதானே வேகம்? எதை எடுக்கட்டும்?

பதில்: தம்பி, ஐ5 எடுங்கள். கையில் மிஞ்சும் 4,500 ரூபாயை அப்படியே வைத்திருங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

இந்த இரண்டு பிராசஸரும் 2012-ல் வந்தவை. புதிதாக விற்றபோது விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஐ5-3470 184 டாலர், எஃப்எக்ஸ்-8350 195 டாலர். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. ஐ5-ல் அது நாலு. எஃப்எக்ஸ் பெட்டியில் எட்டு கோர் என்று போட்டிருந்தது. ஆனால் அந்த எட்டும் தனித்தனி எட்டு அல்ல, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் கட்டளைகளை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பகுதி பொது, தசமக் கணக்குப் போடும் பகுதியும் பொது. வீட்டில் தறி ரெண்டு, தார் (குறுக்கே ஓடும் நூல் சுற்றிய குழல்) சுற்றும் ராட்டை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தறி ஓடும்போது குறையே தெரியாது. ரெண்டு தறிக்கும் ஒரே நேரத்தில் தார் தீர்ந்தால் ஒன்று சும்மா நிற்கும். அப்பாவுக்கு இது சொல்லாமலே புரியும். இந்த 'எட்டு கோர்' விளம்பரத்துக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019-ல் 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுக்க ஏஎம்டி சம்மதித்து சமரசம் செய்துகொண்டது.

4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 400 கோடி சுற்று என்ற எண்ணும் அப்படித்தான். ஐ5 ஓடுவது 3.2, தேவைப்பட்டால் 3.6 வரை ஏறும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது முடிக்கும் வேலை அதிகம். ஒற்றைக் கோரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐ5 மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் நிற்கிறது. எல்லாக் கோரையும் ஒன்றாக ஓட்டினால் எஃப்எக்ஸ் கால் பங்கு முந்தும். அது பொய்யில்லை. வீடியோ எக்ஸ்போர்ட், பெரிய ஜிப் ஃபைல் போடுவது மாதிரி வேலையில் எஃப்எக்ஸ் நல்ல உழைப்பாளி. ஆனால் ஆல்பம் டிசைனில் லேயரை நகர்த்துவது, கட் பண்ணுவது, மாஸ்க் போடுவது என்று கை ஓடிக்கொண்டே இருக்கும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்தான் வேலை செய்யும். உங்கள் பொழுது போவது அங்கேதான். மாசத்துக்கு மூணு வீடியோவை ராத்திரி எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஐ5-க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற வசதி உண்டு. எடிட்டிங் மென்பொருளில் அதை ஆன் செய்தால் எச்.264 என்ற வழக்கமான வடிவத்து வீடியோ எக்ஸ்போர்ட்டில் பாதி பாரத்தை அது தூக்கிக்கொள்ளும். எஃப்எக்ஸ் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால்தான் கூடவே ஜிடி 710 கொடுக்கிறார்கள். அது திரையில் படம் காட்டும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். புதுக் கேமராக்களில் வரும், இன்னும் அதிகமாகச் சுருக்கிய எச்.265 வீடியோவுக்கு இரண்டு செட்டுமே திணறும், அதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

சரி, இப்போது உங்கள் பிரஷ் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். 12-க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. அகலம் 10,800 பிக்சல், உயரம் 3,600. பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் வைத்தால், ஷீட் முழுக்க நிறைந்த ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, மாப்பிள்ளை பொண்ணு, பூ வேலை, நிழல், எழுத்து என்று பத்து லேயர் போட்டால் 1 ஜிபியைத் தாண்டும். நீங்கள் பின்னோக்கிப் போவதற்காக ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் நகல்கள் அதற்கு மேலே. ரெண்டு ஷீட் திறந்து, பக்கத்தில் பிரவுசரும் வாட்ஸ்அப்பும் ஓடினால் 8 ஜிபி எங்கே போதும்? ரேம் நிறைந்ததும் ஃபோட்டோஷாப் மீதியை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். ஹார்டு டிஸ்க் நல்ல நாளிலேயே நொடிக்கு 100 எம்பி சுமாருக்குத்தான் எழுதும். அங்கொன்று இங்கொன்றாக எடுக்கச் சொன்னால் அதிலும் பல மடங்கு குறையும். நீங்கள் டீ குடிக்கப் போவது அந்த நேரத்தில்தான். பிராசஸரை மட்டும் மாற்றினால் இது தீராது. எஃப்எக்ஸ் வாங்கினாலும் இதே இடத்தில் இப்படியே நிற்கும்.

அதனால் அந்த 4,500-ல் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேமும், 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றும் வாங்குங்கள். விண்டோஸ், ஃபோட்டோஷாப், அதன் தற்காலிக ஃபைல் எல்லாம் எஸ்எஸ்டியில். முடிந்த ஆல்பங்கள் பழைய ஹார்டு டிஸ்கில். போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டில் நொடிக்கு 6 ஜிகாபிட் வேக ரகம் இருந்தால் எஸ்எஸ்டியை அதில் மாட்டச் சொல்லுங்கள், நொடிக்கு 500 எம்பி வரை வரும்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஐ5-க்குக் குறித்திருப்பது 77 வாட், எஃப்எக்ஸுக்கு 125. முழு வேகத்தில் ஓடும்போது செட்டுக்கு செட் வித்தியாசம் 100 வாட்டை நெருங்கும். பத்து மணி நேரம் அப்படி ஓடினால் ஒரு யூனிட் கூடுதல். பில்லைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சூடு. திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டில் இதே குடும்பத்து எட்டு கோர் செட் மத்தியானமானால் தானாக அணைகிறது என்று கூப்பிட்டார்கள். ஃபேனைக் கழற்றினால் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டி, கத்தரியால் வெட்டி எடுக்கும் பதத்தில் இருந்தது. சுத்தம் செய்து, பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்ட்டை மாற்றியும் முழுதாகச் சரியாகவில்லை. போர்டு மலிவு ரகம். பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் சில்லுகளுக்கு மேலே ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லை. அவை சூடேறியதும் போர்டு பிராசஸரை 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் பவானியில் உங்கள் கடையும் குளுகுளுவென்று இருக்கப்போவதில்லை. திடீரென்று கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரமும் எஃப்எக்ஸில் குறைவு.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான்; எஃப்எக்ஸ், ஐ5-3470 இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நீங்கள் வாங்குவது ரெண்டு மூணு வருஷத்துக்கான செட். அப்படிப்பட்ட செட்டில் பிராசஸருக்கும் போர்டுக்கும் போடும் பணம் அதோடு போய்விடும். எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி அடுத்த செட்டில் மாட்டிக்கொள்ளலாம். 7,500 போதும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். எட்டாம் தலைமுறை ஐ5-8400 அல்லது 8500 போட்ட ஆபீஸ் டவர் உங்கள் 12,000-க்குள் கிடைத்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு அதை எடுங்கள். ஆறு கோர், சாதாரண எச்.265 வீடியோவும் சுலபமாக ஓடும். எந்தச் செட் ஆனாலும், வைரஸ் வரலாம் என்பதால் வாடிக்கையாளர் பென் டிரைவ் மாட்டும் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம்.

வீடியோ ஆர்டர் பெருகினால் ஐ5-ஐக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் பழைய ஐ7-3770 போடலாம். நாலு கோர், எட்டு த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ரெண்டு வேலையைப் பார்க்கும்), அதே 77 வாட். எல்லாக் கோரும் ஓடும் வேலையிலும் அது எஃப்எக்ஸுக்கு ஈடு கொடுக்கும். அந்த டவரின் போர்டு அதை ஏற்கிறதா என்று கடைக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

காந்திபுரம் போகும்போது உங்கள் ஆல்பம் ஷீட் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே திறந்து பாருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய செட் என்பதால் பேஸ்ட் காய்ந்திருக்கும். புதுசு வைத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஆபீஸில் இருந்த செட் என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்கில்) பழைய ஆபீஸ்காரர்கள் வைத்த பாஸ்வேர்டு இருக்கலாம். உள்ளே போக முடிகிறதா என்று உங்கள் கண் முன்னே போட்டுக் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.