பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிற பெண்ணை எதில் சேர்ப்பது?

அண்ணா, போன வாரம் பாலக்கோட்டிலிருந்து நீங்கள் வந்தபோது பேச்சு முழுக்க கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டைச் சுற்றியே போனது. முக்கியமானதை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னீர்கள்: "மாத்திரை அட்டையை வெச்சுக்கிட்டு நோண்டி நோண்டிக் கேக்குதுங்க மேடம்."

உங்கள் அட்டையில் டெல்மிசார்டன், ஆம்லோடிபின் என்று இரண்டு பெயர். வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் மூத்த பெண்ணுக்கு டாக்டர் எழுதியது லேபெடலால், ஒரே பெயர். ஆனால் அதற்கும் இரண்டு வேலை என்கிறார்களே, எப்படி என்பது சின்னவளின் கேள்வி. பிளஸ் டூ பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். இப்படிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

உங்கள் மாத்திரை, ஒரே பெட்டியில் தக்காளியும் கத்தரிக்காயும் போட்ட மாதிரி. இரண்டு தனித்தனி மருந்துகள், ஒன்றாக அழுத்தப்பட்டவை. லேபெடலால் அப்படியல்ல. அது ரத்தக்குழாயில் இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை (உடலின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் பூட்டு மாதிரி) அடைத்துக் குழாயைத் தளர்த்துகிறது. குழாய் மட்டும் தளர்ந்தால், அதை ஈடுகட்ட இதயம் படபடவென்று ஓடும். அதே மருந்து இதயத்தின் பீட்டா ஏற்பிகளையும் அடைப்பதால் அந்த ஓட்டம் அடங்குகிறது. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் பல வருடமாக எழுதும் மருந்து இது.

இதற்குள் இன்னொரு சங்கதி உண்டு, அதைப் பாப்பாவிடமே சொல்லுங்கள். லேபெடலாலில் சீர்மையற்ற கார்பன், அதாவது நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன், இரண்டு. அப்படியென்றால் ஒளிசுழற்சி மாற்றியங்கள், அதாவது அதே அணுக்கள் வெவ்வேறு விதமாகத் திரும்பி நிற்கும் வடிவங்கள், நான்கு. கணக்கு அவள் புத்தகத்திலேயே இருக்கிறது. மாத்திரையில் நான்கும் கலந்தே வருகின்றன. ஆல்ஃபா வேலையைப் பெரும்பாலும் செய்வது ஒன்று, பீட்டா வேலையைச் செய்வது வேறொன்று, மற்ற இரண்டும் கிட்டத்தட்ட சும்மா. பீட்டா வேலைக்காரனை மட்டும் பிரித்தெடுத்து டிலெவலால் என்று ஒரு மருந்தும் செய்தார்கள். சிலருக்குக் கல்லீரல் கெட்டது. 1990-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஓமாபாட்ரிலாட் என்ற பிரஷர் மருந்தின் கதை இதைவிட வேதனை. ஏ.சி.இ., நெப்ரிலைசின் என்ற இரண்டு நொதிகளையும் ஒரே மூலக்கூறு தடுத்தது. பிரஷர் நன்றாகவே குறைந்தது. ஆனால் உடலில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதில் அந்த இரண்டு நொதிகளுக்கும் முக்கியப் பங்கு. இரண்டையும் ஒருசேர அடைத்தால் அது தேங்கும், உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கும். 25,000 பேருக்கும் மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், பழைய மருந்தான எனலாப்ரில் எடுத்தவர்களில் 0.68 சதவீதம் பேருக்கு இந்த வீக்கம் வந்தது. ஓமாபாட்ரிலாட் எடுத்தவர்களில் 2.17 சதவீதம். மருந்து கடைக்கே வரவில்லை. எத்தனை பேரின் எத்தனை வருட உழைப்பு! உங்கள் சின்ன மகள் ஆசைப்படுவது புது மருந்து கண்டுபிடிக்கும் இந்த வேலைக்கு என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். டி.ஃபார்ம் இரண்டு வருடம், மெடிக்கல் ஷாப்புக்கு அது போதும். பி.ஃபார்ம் நான்கு வருடம், நீட் தேவையில்லை. ஓசூர்ப் பக்கம் மாத்திரை தயாரிக்கும் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி வேலைக்கு இது வழி. ஆனால் அங்கே புதிய மூலக்கூறு பிறக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எம்.ஃபார்மில் மருந்து வேதியியலோ மருந்தியலோ எடுத்து, அப்புறம் பிஎச்.டி.யும் முடிக்க வேண்டும். எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வில் தேறினால் மொகாலி, ஹைதராபாத்தில் இருக்கும் நைப்பர் என்ற மத்திய அரசு மருந்துக் கல்வி நிறுவனங்களுக்கு முயலலாம். ஆராய்ச்சி வேலை பெரும்பாலும் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும்தான். பத்து வருடம் ஆகும் அண்ணா, மறைக்க மாட்டேன்.

தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்குப் போகிற பாதையும் இருக்கிறது. செலவு குறைவு. இருந்தாலும் என் ஓட்டு பி.ஃபார்முக்கே. நடுவில் கல்யாணம், கடன் என்று எது வந்து நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பார்மசி கவுன்சில் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். அதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு என் எதிரில் அழுத குடும்பம் உண்டு.

அப்புறம், மகள் சொன்னாள் என்று உங்கள் மாத்திரையை மாற்றிவிடாதீர்கள்! அவள் இன்னும் ஃபார்மசிஸ்ட் ஆகவில்லை.

அவளிடம் இதை மட்டும் கேட்டு வையுங்கள். ஒரே மூலக்கூறில் இரண்டு வேலை இருக்கும்போது, அதில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டுமானால் டாக்டர் என்ன செய்வார்? பதில் வராவிட்டால் பரவாயில்லை. எவ்வளவு நேரம் விடாமல் யோசிக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மண்டி வேலை முடிந்ததும் அவளையும் கூட்டி வாருங்கள், வேதியியல் புத்தகத்தோடு.