கழற்றி மாட்டும் ஹாம் ரேடியோ: கடலோரக் கார்களுக்கான கேள்வி-பதில்

காரில் ஹாம் ரேடியோவை (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடு ஒருவர் பேசும் ரேடியோவை) நிரந்தரமாகப் பதிக்காமல், வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது எடுத்துவிட விரும்புபவர்களின் கேள்விகள் தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை பல ஊர்களிலிருந்து வந்துள்ளன. கழற்றி மாட்டுவது என்றால் இணைப்புகளை அடிக்கடி திறப்பது என்றுதான் பொருள். நம் கரையில் திறந்த இணைப்பு எதுவானாலும் அதில் உப்புக்காற்று புகும். அதை மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

50 வாட் வி.எச்.எஃப். (மிக உயர் அலைவரிசை) ரிக்கை, அதாவது ரேடியோப் பெட்டியை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருக்கிறேன். கேட்பது தெளிவாக இருக்கிறது. மைக்கை அழுத்தியதும் ரிக் அணைந்துவிடுகிறது. ரிக்கில் பழுதா? (கீழக்கரை)

ரிக்கில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கேட்கும்போது அது அரை ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும். 50 வாட்டில் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். சாக்கெட்டின் ஃபியூஸும் மெல்லிய கம்பியும் செல்போன் சார்ஜருக்கும் டயர் பம்புக்கும் போதுமானவை. இந்தச் சுமையை நீண்ட நேரம் தாங்கா. கணக்கிட்டுப் பாருங்கள்: 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி பேட்டரியிலிருந்து இருக்கை வரை 5 மீட்டர் போய்த் திரும்பினால், 12 ஆம்பியரில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கம்பியிலேயே தொலைந்துபோகும். இன்ஜின் நிற்கும்போது பேட்டரியில் இருப்பதே 12.5 வோல்ட் அளவுதான். வாகனங்களுக்கான பெரும்பாலான ரிக்குகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, 15 சதவீதம் வரை குறைந்தால் பொறுத்துக்கொள்ளும். 11 வோல்ட்டுக்கு இறங்கினால் அணைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஆகவே ரேடியோவைத்தான் கழற்றி மாட்ட வேண்டும். கம்பி காரிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். அந்த ஃபியூஸ் காப்பது ரேடியோவை அல்ல, காரை; கம்பி எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் தடுப்பது அதுதான். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஏற்கெனவே ரப்பர் வளையம் போட்ட துளை இருக்கும். அதன் வழியாகவே கொண்டுவாருங்கள். எதிர்முனைக் கம்பியைப் பேட்டரி முனையில் முடுக்காமல், பேட்டரியின் எர்த் கம்பி காரின் உடலைத் தொடும் இடத்தில் முடுக்குவது நல்லது. புதிய கார்கள் பலவற்றில் எதிர்முனையின் மேல் பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி இணைத்தால் அதன் கணக்கு தவறிவிடும். இருக்கையருகே கம்பி முடியும் இடத்தில் ஆண்டர்சன் பவர்போல் எனும், எளிதாகச் செருகி எடுக்கும் இணைப்பான் போடுங்கள். ரேடியோவை எடுத்த பிறகு அங்கே மின்சாரம் உயிரோடுதான் இருக்கும் என்பதால் அதற்கு மூடி கட்டாயம்.

5 வாட் கையடக்க ரேடியோவுக்கு இவ்வளவும் தேவையில்லை, சாக்கெட்டே போதும்.

காந்த அடித்தள ஆன்டெனா வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் சக்தியைக் காட்டும் அளவு; 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) ஏறிவிட்டது, கூரையிலும் கீறல். துளை போடாமல் வேறு வழி உண்டா? (ராமேஸ்வரம்)

காந்த அடித்தளம் தவறான தேர்வு அல்ல. அதைப் பராமரிக்கும் முறைதான் நம் ஊருக்கென்று தனியாக இருக்கிறது. எனக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. மேல்காற்று வீசும் ஒரு கச்சான் பருவத்தில் தனுஷ்கோடிச் சாலையில் பலமுறை போய்வந்த பிறகு, எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-லிருந்து 3-ஐத் தாண்டியது. கேபிளைக் குற்றம் சொல்லிக்கொண்டே அதன் முனையிலிருந்த பி.எல்.-259 இணைப்பானைத் திருகித் திறந்தேன். நடு ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது; உள்ளே பின்னல் கம்பி கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதிது போலவே இருந்தது. கறுத்த கேபிளைத் துடைத்துப் பயனில்லை; ஈரம் பின்னலுக்குள் இழுத்துக்கொண்டு மேலேறியிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை கேபிளை வெட்டிக்கொண்டே போய்ப் புது இணைப்பான் பற்றவைக்க வேண்டும். நான் ஒரு முழம் வெட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் விடாமல் செய்வது இதுதான். காருக்கு வெளியே எந்த இணைப்பானும் இருக்கக் கூடாது என்பதால், கேபிளும் அடித்தளமும் ஒன்றாக வார்க்கப்பட்ட வகையை வாங்கி, ரிக்கில் செருகும் முனையை உள்ளேயே வைத்துக்கொள்கிறேன். ஆன்டெனாக் கம்பி அடித்தளத்தில் திருகப்படும் மரையில், நடுத் தொடுமுனையில் படாதபடி, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுகிறேன். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைக்கிறேன்.

கீறலுக்குக் காரணம் காந்தம் அல்ல, அதன் அடியில் சிக்கும் மணல். வைக்கும் இடத்தையும் காந்தத்தின் அடிப்புறத்தையும் துடைத்துவிட்டு வையுங்கள். எடுக்கும்போது இழுத்து நகர்த்தாமல், ஒரு விளிம்பைச் சாய்த்து நேராகத் தூக்குங்கள். கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கூரையின் நடுவே வையுங்கள். சுற்றிலும் உள்ள இரும்புத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி அரை மீட்டர்தான் இருக்கும். எட்டில் ஐந்து அலைநீளக் கம்பி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகும். திறந்த நிலத்தில் அது சற்றுக் கூடுதலாக எட்டும் என்றாலும், பாம்பன் பாலத்தின் குறுக்குக் காற்றில் காந்தத்தையே புரட்டிவிடக்கூடியது. பாலம் தாண்டுபவர்களுக்குக் குட்டைக் கம்பியையே சொல்வேன். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற எச்.எஃப். (வி.எச்.எஃப்.-ஐவிடத் தாழ்ந்த) அலைவரிசைகளுக்குக் காந்த அடித்தளம் மட்டும் போதாது. பெயின்டுக்கு மேலே இருக்கும் அது அங்கே தகட்டோடு சரியாகச் சேராது. டிக்கிக் கதவின் விளிம்பில் திருகிப் பிடிக்கும் தாங்கியும், காரின் உடலுக்குக் குட்டையான அகலப் பட்டை எர்த்தும் வேண்டும்.

கோயிலுக்குப் போகும்போது காரை வெயிலில் விட வேண்டியிருக்கிறது. முழு ரேடியோவையும் எடுக்க வேண்டுமா? (தேவிபட்டினம்)

முகப்பலகை தனியாகப் பிரியும் ரிக் என்றால் அதையும் மைக்கையும் எடுத்துக்கொண்டால் போதும். பூட்டிய காருக்குள் முன்கண்ணாடியடியில் ஏறும் வெப்பம் திரையைத்தான் முதலில் கெடுக்கும். ரிக்கின் உடல் இருக்கைக்கு அடியில் இருக்கலாம்; ஆனால் விசிறிப் பக்கம் விரிப்பில் படாதபடி ஒரு விரல் உயரம் தூக்கி, பிரேக்கில் நழுவாதபடி திருகிப் பொருத்துங்கள். ஒட்டும் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். விபத்தில் ஒன்றரைக் கிலோ உலோகம் பாய்ந்து வரும்.

கரையில் காரிலிருந்து எங்கள் விசைப்படகோடு ஹாம் ரேடியோவில் பேச முடியுமா? (தொண்டி)

கூடாது. தொழில் நிமித்தமான பேச்சுக்கு ஹாம் அலைவரிசைகளைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. பேசும் இருவரும் உரிமம் பெற்றிருக்கவும் வேண்டும். படகுக்கு உரியது கடல்சார் வி.எச்.எஃப்.; அதில் அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாம் ரிக்கைத் திறந்து அந்த அலைவரிசையில் பேசும்படி மாற்றித்தருபவர்களிடம் போகாதீர்கள். நடுக்கடலில் ஒருவர் உயிருக்குக் கூப்பிடும் சேனலை அது மறித்துவிடும். கரையில் இருப்பவர் ஆபத்தைத் தெரிவிக்க, கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழைக்கலாம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் என் குரலோடு வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் போவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். (பரமக்குடி)

ஆல்டர்னேட்டரின் சத்தம் மின்கம்பி வழியாக வருகிறது. பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்திருந்தால், முதலில் எர்த் முடுக்கிய இடத்தில் துருவையும் பெயின்டையும் சுரண்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீரும். பிறகும் இருந்தால் ஃபில்டர் வாங்கலாம்.

சோதனைச் சாவடியில் ஆன்டெனாவைப் பார்த்து நிறுத்துகிறார்கள். (மண்டபம்)

நிறுத்துவது அவர்கள் கடமை. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் எதிரே பன்னாட்டு எல்லையும் இருக்கும் பகுதி இது. உரிமத்தின் நகலையும் ரேடியோ வாங்கிய ரசீதையும் காரிலேயே வையுங்கள். காரிலிருந்து இயக்குவதற்கு உங்கள் உரிமம் இடம் தருகிறதா என்று கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். சாவடி நெருங்கும்போது மைக்கை வைத்துவிடுவது மரியாதை.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் சில நாள் இலங்கை நண்பர்கள் பக்கத்து வீடு போலக் கேட்கிறார்கள், சில நாள் ஒன்றுமே இல்லை. ஆன்டெனா கோளாறா? (பாம்பன்)

இல்லை. இரண்டு மீட்டர் உயரத்து ஆன்டெனா வைத்த இரு கார்கள் கடல்மட்டத்தில் பேசிக்கொள்ளக்கூடிய தூரம் சுமார் 12 கிலோமீட்டர். மறுபக்கம் பேசுபவரின் ஆன்டெனா 30 மீட்டர் கோபுரத்தில் இருந்தால் 28 கிலோமீட்டர் வரை போகும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் காற்றின் தயவு. கடல்மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதன்மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை இரண்டுக்கும் நடுவே குழாயில் போவது போல வளைந்து நெடுந்தூரம் செல்லும். காற்று பலமாக அடித்து அடுக்குகள் கலைந்தால் குழாயும் இல்லை. கடல் கண்ணாடி போலக் கிடக்கும் விடியற்காலையிலோ அந்தி சாயும் நேரத்திலோ போய், காரை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.