மேடையில் ஜேர்மன் வகுப்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் பழகுகிறோம். கிளிநொச்சியில் ஜேர்மன் ஏ1 சோதனைக்கு, அதாவது ஆரம்பநிலை மொழிச் சோதனைக்கு, படிக்கும் ஐந்து பேரின் கதை. ஜேர்மனியில் இருக்கும் கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்கள்தான் கூட. பார்க்க வரும் சனத்துக்கு ஜேர்மன் தெரியாது. நடிகர்கள் உண்மையிலேயே ஜேர்மன் கதைக்க வேண்டுமா? பகிடியாகப் போட்டால்தான் எடுபடும் என்கிறார் எங்கள் மூத்தவர் ஒருவர். கதாநாயகி சித்தியடைய வேண்டுமா, இல்லையா என்பதிலும் எங்களுக்குள் சண்டை.

வாசகர் ஒருவர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

ஜேர்மன் வேண்டாம். எல்லாம் தமிழிலேயே நடக்கட்டும். இதே சிக்கலை சனாஸ் டூஸி என்ற ஈரானிய அமெரிக்க எழுத்தாளர் தன் 'இங்கிலிஷ்' நாடகத்தில் தீர்த்திருக்கிறார். நியூயோர்க்கில் 2022இல் மேடையேறி, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். கதை 2008இல், ஈரானின் கராஜ் நகரில், டோஃபல் என்ற ஆங்கிலச் சோதனைக்கான வகுப்பொன்றில் நடக்கிறது. பாத்திரங்கள் தங்கள் பாரசீகத்தில் கதைக்கும் இடங்களில் நடிகர்கள் சரளமாக ஆங்கிலம் கதைப்பார்கள். அவர்கள் ஆங்கிலம் கதைக்கும் இடங்களில் அதே ஆங்கிலம் தடக்குப்படும். கனடாவில் இருக்கும் பேத்தியோடு கதைப்பதற்காகப் படிக்கும் ஒரு அம்மாவும் அதில் வருகிறார். அவரைப் போல ஒருவரை எங்கள் ஒழுங்கைகளில் தேட வேண்டியதில்லை.

நீங்களும் அப்படியே செய்யலாம். வீட்டுக்கதை வன்னிப் பேச்சாக ஓடட்டும், ஒருவர் கதைக்க மற்றவர் குறுக்கே விழட்டும். ஜேர்மன் வரும் இடத்தில் அதே வாயில் சொல்லின் முடிவு பிசகிய தமிழ்: "நான் பெயர் சுமதி. நான் இருக்கிறது கிளிநொச்சி."

சனம் சிரிக்கும். பிறத்தியார் தமிழ் கதைத்தால் சிரிப்பது எங்கள் மேடைக்குப் பழகியது. இந்த முறை அந்தச் சிரிப்பு எங்கள் பிள்ளையின் மேல் விழும். அதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் நாடகத்தை வகுப்பறையில் தொடங்காதீர்கள். முதல் காட்சி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமாக இருக்கட்டும். உங்கள் கதாநாயகி சுமதி அதன் பொருளாளர். நுண்கடன் வசூலிக்க வந்தவன் வாசலில் நிற்கிறான். அவனுக்கு அவள் கொடுக்கும் பதிலில் ஒரு சொல்லும் வீணாகக் கூடாது. அந்த வாயைக் கேட்ட சனத்துக்கு, பிறகு சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

வகுப்புக் காட்சிகளுக்குச் சோதனையே போதும். பேச்சுப் பகுதியில் ஏழு சொற்களைக் கொடுத்து அறிமுகப்படுத்தச் சொல்வார்கள்: பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. பெயரை எழுத்துக்கூட்டவும் வேண்டும். தகப்பன் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருந்தவள் குடும்பப்பெயர் எது என்று முழிப்பதிலேயே உங்கள் மூத்தவர் கேட்ட பகிடி தாராளமாக இருக்கிறது. பொழுதுபோக்கு என்னவென்று சுமதியை யாரும் கேட்டதே இல்லை. சொல்ல இலகுவான ஒன்றை, நீச்சலோ சமையலோ, வகுப்பே கூடித் தெரிவு செய்து கொடுக்கட்டும்.

வசிக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. கேள்வி நிகழ்காலத்தில் இருக்கிறது, ஒரு ஊர்ப்பெயர் போதும். கடைசிப் போரில் இடம்பெயர்ந்து போன விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், செட்டிகுளம் முகாம் எதையும் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இடத்தில் அவளைச் சரளமான வீட்டுத் தமிழுக்குத் திருப்பி அழவைக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். "கிளிநொச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகட்டும்.

  

அவள் சித்தியடையட்டும். நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். தோற்றுப்போன பெண்கள் எங்கள் மேடைகளில் ஏற்கெனவே நிறையப்பேர். சான்றிதழ் கையில் வந்த பிறகும் விசாவுக்கு இருந்து பார்க்கத்தானே வேண்டும். பிரதியை எனக்கு அனுப்புங்கள், வாசிக்கிறேன். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஆண்டு விழா என்றால் பிரதம விருந்தினர் உரை எப்படியும் பிந்தும், பரிசளிப்பும் இருக்கும், சின்னப் பிள்ளைகள் அதற்குள் நித்திரையாகிவிடுவார்கள்.