ஸ்பெக்ட்ரமுக்கு எந்த அடாப்டர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் இருக்கும் உறவினர் சின்கிளேர் கம்பெனியின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரான 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அடாப்டர் இல்லை. வீட்டில் கிடக்கும் மோடத்தின் 9 வோல்ட் அடாப்டர் சரியாகப் பொருந்துகிறது. இன்னும் ஆன் செய்யவில்லை. மெக்கானிக், முதலில் கெபாசிட்டர், ரேம் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார். செய்யலாமா?
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ஆன் செய்வதற்கு முன் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. அந்த அடாப்டரைச் செருகவே வேண்டாம். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அடாப்டர் பிளக்கின் நடுத்துளையிலும் கறுப்பை வெளி வளையத்திலும் வையுங்கள். மைனஸ் குறியோடு 9 காட்டினால்தான் அது ஸ்பெக்ட்ரமுக்கானது. கரண்ட் குறைந்தது 1.4 ஆம்பியர் தாங்க வேண்டும். சின்கிளேரின் பழைய அசல் அடாப்டர் கிடைத்தால், லோடு இல்லாமல், அதாவது மெஷினில் செருகாமல் அளந்தால், 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) இல்லாத அடாப்டர், அப்படித்தான் இருக்கும்.

மெக்கானிக் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1982-இல் வந்த போர்டு இது, தாமிரப் பாதைகள் சூட்டுக்கு எளிதில் உரிந்து வந்துவிடும். நல்ல சிப்பைக் கழற்றப் போய் போர்டைக் கெடுப்பதுதான் இந்த மெஷின்களுக்கு அதிகம் நடக்கும் கொடுமை. முதலில் அளந்து பாருங்கள்.

அடியில் உள்ள 5 ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை மெதுவாகத் தூக்குங்கள். கீபோர்டின் இரண்டு பட்டைகளும் போர்டில் செருகியிருக்கும். அவை காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும் என்பதால், மடங்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும்.

கீழ் ரேம் (மெமரியின் முதல் 16கே) என்பது போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள எட்டு 4116 சிப்புகள். இவற்றுக்கு மூன்று வோல்ட்டேஜ் வேண்டும் (பின் என்பது சிப்பின் கால்): பின் 1-இல் மைனஸ் 5, பின் 8-இல் 12, பின் 9-இல் 5. சரியான அடாப்டரில் ஆன் செய்து, கறுப்பு முனையை மாடுலேட்டரின் (டிவிக்குப் படம் அனுப்பும் பாகம்) தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு அளக்கலாம். பின் 8-ஐத் தொடும்போது கை நடுங்கக் கூடாது. முனை வழுக்கி பின் 7-ஐயும் சேர்த்துத் தொட்டால் 12 வோல்ட் அட்ரஸ் லைனில் (மெமரியின் இடத்தைக் குறிக்கும் பாதை) ஏறிவிடும்.

12 இருந்து மைனஸ் 5 இல்லாமல் போனால் 4116 சிப்புகள் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே மைனஸ் 5 காட்டாவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். முதல் சந்தேகம், அந்த வோல்ட்டேஜை உருவாக்கும் சுற்றில் உள்ள டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் (இசட்டிஎக்ஸ் 650). ஆனால் புதிதைப் போட்டவுடன் பவர் கொடுக்க வேண்டாம். பல சமயம் அதைக் கொன்றதே ஷார்ட்டான ஒரு 4116-ஆகத்தான் இருக்கும். பவர் இல்லாத நிலையில் பின் 8-க்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஓரிரு ஓம் மட்டும் காட்டினால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, புது டிரான்சிஸ்டரும் போய்விடும்.

மூன்று வோல்ட்டேஜும் சரியாக இருந்து, திரையில் மட்டும் கோடுகள் வருகிறதா? திரைக்கான 6912 பைட்டுகளும் இந்த எட்டுச் சிப்புகளில்தான் இருக்கின்றன. ஒரு சிப்புக்கு ஒரு பிட். ஒரு சிப் கெட்டால், எட்டுப் புள்ளிக்கு ஒன்று என்று மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் வரும். 256 புள்ளி அகலத்தில் 32 கோடு. எட்டில் எத்தனையாவது புள்ளி என்று எண்ணினால் எந்தச் சிப் என்று தெரிந்துவிடும். எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த விஷயம் இது. அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முழுதாகப் பிடுங்காமல், கால்களை நறுக்கிவிட்டு ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுத்து, அந்த இடத்தில் சாக்கெட் வையுங்கள்.

கெபாசிட்டர் மாற்றுவதை நானும் மறுக்கவில்லை, ஆனால் மெஷின் ஓடிய பிறகு. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், துருவம் தெரிய முன்கூட்டியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் சில எழுத்துகள் வரிசையாக வேலை செய்யாமல் இருந்தால், காரணம் அந்தப் பட்டையில் விழுந்த விரிசல். ஒட்டிப் பார்க்க வேண்டாம். புது மெம்பரேன் (அந்தப் பட்டைகளோடு சேர்ந்த கீபோர்டின் உள்தாள்) இன்றும் தயாரித்து விற்கிறார்கள், அதையே வாங்கிவிடுங்கள்.