ஒரு ரோல்ஸுக்கு அரை மணித்தியாலமா?

கேள்வி: எனக்கு 34 வயது. விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். இவருக்கு 43, வயல்தான் தொழில். ஒரு இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டால் ஆயுளில் அரை மணித்தியாலம் போய்விடும் என்று ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். சொன்னால் இவர் சிரிக்கிறார். “எங்கட அப்பு கருவாடும் கள்ளுமாய் 93 வயது மட்டும் இருந்தவர். நான் சண்டையில செல்லுக்கே தப்பி வந்தனான், ரோல்ஸுக்கோ சாகப்போறன்?” என்கிறார். இப்போது யானைக் காவலுக்கென்று இரவில் வயல் கொட்டிலில்தான் படுக்கிறார். விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் போய்விடுவார். அந்த அரை மணித்தியாலக் கணக்கு உண்மையா? இவருக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

பதில்: தங்கச்சி, அந்தக் கணக்கு முழுப் பொய்யில்லை. பிரித்தானியப் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2012இல் இப்படி ஒரு கணக்குப் போட்டார். வளர்ந்த ஒருவருக்கு இன்னும் 57 வருடம் இருக்கிறதென்றால் அது ஏறக்குறைய ஐந்து இலட்சம் மணித்தியாலம், அதாவது பத்து இலட்சம் அரை மணித்தியாலம். ஒவ்வோர் அரை மணித்தியாலத்தையும் ஒரு காசு என்று வைத்துக்கொண்டு, எந்தப் பழக்கம் எத்தனை காசை எடுக்கிறது, எது திருப்பிப் போடுகிறது என்று பார்த்தார். இரண்டு சிகரெட் ஒரு காசை எடுக்கும். ஐந்து கிலோ மேலதிக நிறை நாளுக்கு ஒரு காசு. 85 கிராம் மாட்டிறைச்சி நாள்தோறும் சாப்பிட்டால் அதற்கும் ஒன்று.

வீடியோக்காரர் விழுங்கிவிட்டது அந்த ‘நாள்தோறும்’ என்ற சொல்லைத்தான். இது ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்நாள் பழக்கத்தில் எடுத்த சராசரி. ஆவணியில் ஒரு ரோல்ஸ், கார்த்திகையில் ஒன்று என்று சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. அதோடு எங்கள் தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற ரோல்ஸுக்குள் இறைச்சியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், முக்கால்வாசி கிழங்கு!

அப்புவின் கதைக்கு வருவோம். 93 வயது வரை இருந்தவர் என்றால் அவர் மலேரியாக் காலத்துப் பிள்ளையாக இருப்பார். 1934–35இல் வந்த மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. வன்னிக்கோ அது வருடா வருடம் வருகிற விருந்தாளி. 1946இல் நாட்டில் ஆயிரம் பேருக்கு 20 பேர் செத்தார்கள், அடுத்த வருடமே அது 14 ஆனது. வீடு வீடாக டிடிரி (DDT) என்ற நுளம்பு மருந்தடித்தது அதற்கு ஒரு பெரிய காரணம், ஒரே காரணமல்ல. உங்கள் மாமியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அப்புவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் தலை நரைக்கும் வரை இருந்தவர்கள் எத்தனை பேர்? கருவாடும் கள்ளும் சாப்பிட்டு ஐம்பதில் போனவர்களும் அந்தக் குடும்பத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்காரரிடம் வந்து கதை சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். செல்லுக்குத் தப்பிய கதையும் அப்படியே. அதைச் சிரிப்பாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அன்று தப்பியது இன்றைக்குப் பிரஷருக்கு மருந்தாகாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு தேக்கரண்டி உப்பைத் தட்டையாக அள்ளி ஒரு சிரட்டையில் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சோறு, சொதி, சம்பல், எல்லாம் அந்தச் சிரட்டைக்குள் முடியவேண்டும். கருவாட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கிற உப்பும் அந்தக் கணக்குத்தான். மத்தியானத்துக்கு முன்னமே சிரட்டை காலியானால் ஆச்சரியப்படாதீர்கள், என் வீட்டில் முதல் நாள் பத்தரைக்கே முடிந்துவிட்டது. கருவாட்டை முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை. அது கறியாக இல்லாமல் வாசத்துக்கு ஒரு துண்டாக வரட்டும், கறியின் இடத்துக்குக் குளத்து மீன் வரட்டும்.

அடுத்தது பிளாஸ்க். நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் அதிலேயே 40 கிராமுக்கு மேல் போய்விடும், அதே நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரே நாளில் வெட்டினால் சண்டை வரும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, வளவில் நிற்கிற பப்பாசி, இவையெல்லாம் காசு திருப்பிப் போடுகிற பக்கம். மரக்கறியும் பழமுமாக நாளுக்கு ஐந்து பங்கு சாப்பிடுகிற ஆணுக்கு அந்தக் கணக்கில் இரண்டு மணித்தியாலம் கூடுகிறது.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயம். 2011–13 கணக்குப்படி எங்கள் நாட்டு ஆண்களின் சராசரி ஆயுள் 72, பெண்களுடையது 78.6. இரண்டு பேரும் சாப்பிடுவது ஒரே சட்டியில்தான். அப்படியானால் அந்த ஆறரை வருடம் எங்கே போகிறது? உடற்கூறு ஒரு பங்கு, சிகரெட்டும் குடியும் ஒரு பங்கு, வீதியும் ஒரு பங்கு. இறைச்சியும் உப்பும் வட்டி மாதிரி, மெல்ல மெல்ல அரிக்கும், இடையில் நிறுத்தினால் மிச்சம் பிடிக்கலாம். மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. தப்பினால் ஒன்றுமில்லை, தப்பாவிட்டால் அன்றைக்கே முழுக் காசும் போய்விடும். இரவு முழுக்க முழித்திருந்துவிட்டு, யானை வீதி கடக்கிற அந்த இருட்டு வேளையில் ஓடிவருகிறார். ஹெல்மெட் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வெளிச்சம் வந்த பிறகு புறப்படச் சொல்லுங்கள், தேத்தண்ணி அரை மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் ஆகாது.

கொட்டிலில் எதில் படுக்கிறார்? பாயை நிலத்தில் விரித்தென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். எட்டடி விரியன் பாம்பு இரவில்தான் வெளிக்கிடும், நிலத்தில் நித்திரை கொள்கிறவரைத்தான் அதிகம் கடிக்கும். பல நேரம் கடித்ததே தெரியாது, விடியப்புறம் வயிற்றுவலியும் இமை தொங்குவதும்தான் தெரியும். நான்கு கப்பு நட்டுப் பரண் போட்டு, நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கட்டும். மாலையில் வரம்பில் நடக்கும்போது காலில் பூட்ஸும் கையில் டோர்ச்சும் வேண்டும், புடையன் பாம்பு கிடக்கிற இடம் அது. கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், காலை அசைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் அடிக்கவேண்டும், அம்புலன்ஸ் இலவசம். கொட்டிலில் எந்த மூலையில் நின்றால் ஃபோன் சிக்னல் எடுக்கும் என்று பகலிலேயே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.