மூச்சில் போகிற தூசிக்குப் பிரஷர் ஏன் ஏறுகிறது?

"காற்று மாசு நுரையீரலைத்தானே கெடுக்கும், பிரஷருக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் வெளிக்காற்று மாசால் நேரும் அகால மரணங்களில் பாதிக்கு மேல் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வருபவை.

முக்கியக் குற்றவாளி பிஎம் 2.5 என்னும் நுண்துகள். விட்டம் 2.5 மைக்ரோமீட்டர், அல்லது அதற்கும் கீழே. தலைமுடியின் தடிமன் இதைப்போல் இருபது முப்பது மடங்கு இருக்கும். பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். இதுவோ நழுவிக்கொண்டு காற்றுப்பைகள் வரை போய்விடும்.

அங்கே உள்ள நரம்பு முனைகள் உறுத்தப்பட்டதும் உடல் ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. இதற்குச் சில மணி நேரமே போதும். அப்புறம் அழற்சி தொடங்கும். குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்துதான் தளர்கிறது. அழற்சியில் அந்தச் சுரப்பு குறைய, குழாய் விறைத்துக்கொள்ளும். ரத்தம் உறையும் தன்மையும் கூடும்.

ஆரோக்கியமானவருக்கு ஏறுவது பெரும்பாலும் ஓரிரு புள்ளிகள்தான், தெரியவே தெரியாது. ஏற்கெனவே குழாயில் கொழுப்புப் படிந்தவருக்கு அதுவே மாரடைப்பைத் தூண்டிவிடலாம்.

சரி, என்ன செய்யலாம்? புகைமூட்டமான நாளில் வாகன நெரிசலை ஒட்டி ஓட்டப்பயிற்சி வேண்டாம். துணி முகக்கவசம் இந்தத் துகளைச் சரியாகத் தடுக்காது; முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 தடுக்கும். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.