வாசகர் கேள்வி – பதில்: முதுமை பற்றிய ஆய்வுகளை எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவி. பிள்ளைகள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போய்விட, ஊரில் தனியே இருந்துகொண்டு, அறுபது வயதுக்குப் பின்னும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணியிருக்கிறேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் ‘ஏஜிங்’ என்று தேடினால் லட்சக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. எலிகளையும் உயிரணுக்களையும் பற்றியவையே மிகுதி. ‘காவிரி டெல்டா’ என்று தேடினாலோ நெல்லும் நீரும்தான் வருகின்றன. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் தேவையானது, தேடலில் சலித்து அதைக் கைவிட்டுவிட வேண்டாம். பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் தரவுத்தளம். அதில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ‘மெஷ்’ என்னும் பொருள் தலைப்புகளை அந்நூலகம் இட்டுவைத்திருக்கிறது. அந்த முறையில் ‘ஏஜிங்’ என்ற தலைப்பு உடல் மூப்படையும் நிகழ்வைக் குறிப்பதால்தான் எலிகள் வந்து நிற்கின்றன. முதியவர்களைக் குறிக்கும் தலைப்பு ‘ஏஜ்ட்’ என்பதாகும்; நீங்கள் அதன் வழியாகத் தேட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தலைப்பு 65 வயதில்தான் தொடங்குகிறது. 45 முதல் 64 வரை உள்ளவர்கள் ‘மிடில் ஏஜ்ட்’ என்ற தலைப்பின்கீழ் வருவார்கள். நம் நாட்டிலோ 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவரே மூத்த குடிமகன். ஆகவே தளத்தில் உள்ள வயது வடிகட்டியை மட்டும் நம்பினால், இன்னும் வயலில் இறங்கி வேலை செய்கிற 60 முதல் 64 வயதுப் பெண்களைப் பற்றிய கட்டுரைகள் கைநழுவக்கூடும். அண்மையில் வெளியாகி, இன்னும் தலைப்பிடப்படாத கட்டுரைகளையும் அந்த வடிகட்டி ஒதுக்கிவிடும். எனவே தலைப்பைக் கொண்டு ஒரு முறையும், முதியோரைக் குறிக்கும் வெவ்வேறு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஒரு முறையும் தேடி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தேடுவதற்கு முன் உங்கள் கேள்வியை ஒரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: யார், என்ன நிலைமை, எந்த இடம். ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR) என்பதாலும், மூன்று பகுதிகளையும் ‘ஆண்ட்’ (AND) என்பதாலும் இணைக்க வேண்டும். இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்வது அவசியம். இடத்தைப் பொறுத்தவரை ‘காவிரி டெல்டா’ என்பதை விட்டுவிட்டுத் தமிழ்நாடு, மாவட்டப் பெயர்கள் என்று தேடுங்கள். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. 1997க்கு முந்திய எழுத்துகளில் உங்கள் ஊரும் தஞ்சாவூர் மாவட்டம்தான். ஆங்கிலேயர் காலத்து ‘டாஞ்சூர்’ என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் ஆய்வுக்கு பப்மெட் ஒரு பகுதியைத்தான் தரும் என்பது என் உறுதியான கருத்து. முதுமையின் சமூகப் பக்கத்துக்கென்றே ‘ஏஜ்லைன்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. அது சந்தா கட்டிப் பயன்படுத்துவது என்பதால் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரியுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘சோத்கங்கா’ முற்றிலும் இலவசம். பன்னாட்டு இதழ்களுக்கு எட்டாத, வட்டார அளவிலான களப்பணிகள் அங்கேதான் கிடைக்கும். இந்திய அளவில் ஒப்பிட்டுக் காட்ட ‘லாசி’ என்னும் நீண்டகால முதுமை ஆய்வு உதவும். 2017–18இல் நடந்த அதன் முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களும், எந்த வயதினராயினும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,000க்கும் அதிகமானோர் பங்கேற்றனர்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. டெல்டாவின் முதிய பெண்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவர்களை முதியோர் என்ற தலைப்பில் எழுதவில்லை. விவசாயக் கூலிகள், கைம்பெண்கள், இடம்பெயர்ந்தோர் குடும்பங்கள், ஓய்வூதியத் திட்டம் என்ற தலைப்புகளுக்குள் அவர்கள் மறைந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிவைத்த கிராம ஆய்வுகளில் கீழைத் தஞ்சையின் பாலக்குறிச்சியும் ஒன்று. அவ்வூர் 1930களிலும் 1980களிலும் மறுபடியும் ஆராயப்பட்டது. உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓர் ஊரின் உழைப்பும் கூலியும் குடும்பமும் தலைமுறைகள்தோறும் எப்படி மாறின என்பதை அந்த வரிசையில் படிக்கலாம். முதுமை என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு இவை கண்ணில் படவே படா.

கேள்வி: கட்டுரையின் சுருக்கம் மட்டுமே திறக்கிறது, முழுவதையும் படிக்கப் பணம் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் ‘பப்மெட் சென்ட்ரல்’ தளத்தில் உள்ள கட்டுரைகளை முழுமையாக இலவசமாகப் படிக்கலாம். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், அரசுக் கல்வி நிறுவனங்களில் ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்யும், 2025இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் தங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கட்டுரையாளரின் மின்னஞ்சலுக்குப் பணிவாக ஒரு வேண்டுகோள் அனுப்பலாம். பலர் மகிழ்ச்சியோடு பிரதி அனுப்புவார்கள்.

கேள்வி: என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது, ஞாபகம் தவறுகிறது. இத்தளங்களில் படித்து மருந்து பற்றி நானே முடிவெடுக்கலாமா?
– வாசகி, சீர்காழி

பதில்: அருள்கூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம். மருந்துச் சோதனைகள் பலவற்றில், வயது மிக முதிர்ந்தவர்களும் ஒரே நேரத்தில் பல நோய்கள் உள்ளவர்களும் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அங்கே கண்ட பலன் உங்கள் தாயாருக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. படிப்பதாக இருந்தால், தனித்தனிக் கட்டுரைகளை விடுத்து, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ‘சிஸ்டமேடிக் ரிவியூ’ வகையை பப்மெட் வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள். பப்மெட்டை நடத்தும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமே பொதுமக்களுக்காக எளிய ஆங்கிலத்தில் நடத்தும் ‘மெட்லைன்பிளஸ்’ தளத்தையும் பாருங்கள். படிக்கையில் எழும் சந்தேகங்களையும், தாயார் இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுசெல்லுங்கள்.